எலிக்காய்ச்சலும் சிறுநீரகமும்
வயலில் இறங்கித் திரும்பியவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் ஏற்படுமாயின் அதனை அலட்சியம் செய்தலாகாது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7000 இற்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சல் நோயாளர்களெனச் சந்தேகிக்கப்பட்டமையை நாம் மறந்துவிடவில்லை.

இந்நோய்க் கிருமி சிறுநீரகத்தை அடைந்ததும், அங்குள்ள நுண்குழாய்க் கலங்களில் அமைந்துள்ள 'டோல் 2' எனும் வாங்கி அதன் புறப்புரதத்தை இனங்கண்டு அபாய அறிவித்தலை விடுக்கின்றது. இது பிறப்பிலேயே நமக்கு வாய்த்த நிர்ப்பீடனமாகும். எனினும், அவ்வழைப்பையேற்றுக் குவியும் வெண்குருதிக் கலங்களும் மிகையான அழற்சியும் சிறுநீரகக் கலங்களையே சிதைக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதையாகச் சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

எனவே, சிறுநீர் குறையும் வரை காத்திராது வைத்தியரை நாடுவதோடு, வயலில் இறங்கியமையையும் அவரிடம் தெரிவித்தல் அவசியமாகும். உரிய வேளையில் வழங்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சிகிச்சையும் உயிரையும் சிறுநீரகத்தையும் காக்கவல்லன என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.