மெல்லடி எங்கே போகிறது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கோயில் திருவிழாக்களில் நடைபெறும் மெல்லிசைக் கச்சேரிகளில், பாடகருக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின்மேல் எட்டுக் கறுப்புச் சதுரங்கள் கொண்ட பலகை ஒன்றை இரு குச்சிகளால் தட்டிக் கொண்டிருப்பவரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதனை ‘ஆக்டோபேட்’ என்பது நம் பக்கத்து வழக்கு. உண்மையில் அது ஜப்பான் நாட்டு ரோலண்ட் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ஒரு கருவியின் பெயர். ஆயினும் எந்த நிறுவனத்தின் பலகையானாலும் நமக்கு அது ஆக்டோபேட்தான்! ‘தட்டினால் சத்தம் வரும் இயந்திரம், இதில் என்ன வித்தை?’ என்று கேட்பாரும் உளர். ‘உயிரில்லாத சத்தம்’ என்று முகம் சுளிப்பாரும் உளர். அப்பலகைக்குள் நம் விருப்பப்படி மாற்றத்தக்க சில அளவுகள் இருக்கின்றன என்பதை இரு சாராருமே எண்ணிப் பார்ப்பதில்லை. உயிரில்லை என்னும் குறையில் பெரும்பகுதி, அந்த அளவுகளை யாரும் தொடாமல் விட்டதனால் வந்ததே என்பது என் கருத்து.

முதற்கண் அந்தப் பலகை என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1985-ஆம் ஆண்டின் ஆக்டோபேடுக்குச் சொந்தமாக ஒலியே கிடையாது. அடி விழுந்தது, இவ்வளவு பலமாக விழுந்தது என்ற செய்தியை மட்டும் அது ஒரு கம்பி வழியே வேறொரு கருவிக்கு அனுப்பும். ஒலி அங்கே பிறக்கும். இத்தகைய பலகைகளுக்குக் ‘கண்ட்ரோலர்’ என்று பெயர். பின்னாளில் வந்த பலவற்றில் ஒலியும் உள்ளேயே இருக்கும். பலகைகள் பலவற்றில் ரப்பருக்கு அடியில் பீசோ எனப்படும் சிறு தகடு ஒட்டப்பட்டிருக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்று ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர் அல்லவா? அதே தத்துவம்தான். அடியின் பலத்துக்கேற்ப மின்னழுத்தம் எழுகிறது. கருவி ஓரிரு மில்லி விநாடி பொறுத்திருந்து, அதன் உச்சத்தை அளந்து, ஓர் எண்ணாக மாற்றுகிறது.

அந்த எண் பயணம் செய்யும் மொழிக்கு ‘மிடி’ என்று பெயர். வெவ்வேறு நிறுவனங்களின் இசைக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்காக 1983-இல் வெளியிடப்பட்ட பொது ஏற்பாடு அது. ஓர் அடிக்கு மூன்று எண்கள் செல்கின்றன. சான்றாக, 153, 38, 100 என்று சென்றால், ‘பத்தாவது தடத்தில், 38-ஆம் ஒலியை, 100 அளவு பலத்தோடு எழுப்புக’ என்று பொருள். பின்னிரு எண்களுக்கும் ஏழு பிட்டுகள் மட்டுமே உண்டு. ஆகவே அவை 0 முதல் 127 வரைதான் இருக்க முடியும். பலத்தின் இடத்தில் 0 வந்தால் ஒலியை நிறுத்து என்று பொருளாதலால், ஓர் அடியின் பலத்தைச் சொல்ல எஞ்சியிருப்பவை 127 படிகளே. மிடிக் கம்பியில் விநாடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும். தொடக்கம், முடிவுக் குறிகளையும் சேர்த்து மூன்று எண்களுக்கு 30 பிட்டுகள். எனவே ஓர் அடி கம்பியைக் கடக்க 0.96 மில்லி விநாடி ஆகிறது. அந்த நேரத்தில் காற்றில் ஒலி செல்லும் தூரம் ஏறத்தாழ 33 செ.மீ. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி நிற்காத கணக்கு! தாமதத்தைப் பற்றிய குறையை இக்கம்பியின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

பலத்தைக் குறிக்கும் எண்ணுக்கு ‘வெலாசிட்டி’, அதாவது திசைவேகம், என்று பெயரிட்டிருப்பது இயற்பியல் மாணவனான எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. விசைப்பலகையில் கட்டை எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதை அளந்த பழக்கத்தால் வந்த பெயர் அது. பலகைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி அளவுகளுக்கு வருவோம். ‘சென்சிட்டிவிட்டி’ என்பது உணர்திறன். வாசிப்பவரின் மிகப் பலமான அடி 127-ஐ ஒட்டி வருமாறு இதனை வைக்க வேண்டும். கூட்டி வைத்தால் நடுத்தர அடிகளும் 127-இல் முட்டி நின்று, எல்லாம் ஒரே இரைச்சலாகும். குறைத்து வைத்தால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 70, 80-ஐத் தாண்டாது. ‘த்ரெஷோல்ட்’ என்பது வாசற்படி. அதற்குக் கீழ்ப்பட்ட அசைவைக் கருவி அடியாகவே மதிப்பதில்லை. படியை உயர்த்தினால் தாளத்தின் இடையிடையே விரல் தட்டிச் செல்லும் மெல்லடிகள் உள்ளே நுழைய மாட்டா. தாளத்திற்கு நடை தருவதே அந்த மெல்லடிகள்தாம் என்பதை டோலக் கேட்டவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, ‘வெலாசிட்டி கர்வ்’ என்னும் வளைகோடு. இதுவே எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகத் தோன்றுகிறது. உள்ளே வந்த எண்ணை 127-ஆல் வகுத்து, அதற்கு ஓர் அடுக்கு ஏற்றி, மீண்டும் 127-ஆல் பெருக்குவதாகக் கொள்வோம். அடுக்கு 1 என்றால் நேர்க்கோடு. 64 வந்தால் 64 போகும். அடுக்கு அரை என்றால் 32 வந்தால் 64 போகும். மெல்லிய கை உயர்த்தப்படுகிறது. அடுக்கு 2 என்றால் 64 வந்தால் 32-தான் போகும். முரட்டுக் கை அடக்கப்படுகிறது. எந்த வளைகோடானாலும் 127 வந்தால் 127-தான் போகும். இரு முனைகளையும் தொடாமல் நடுவை மட்டும் வளைப்பதே இதன் வேலை. ஆதலால் உணர்திறனைச் சரிசெய்யாமல் இதனை மட்டும் மாற்றுவதில் பயன் குறைவு.

என் சிற்றப்பா பல ஆண்டுகளாக ஒரு மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்தவர். குழு பேடுக்கு மாறியபோது அவரும் மாறினார். ‘சத்தம் எழும்பல, ஓங்கி அடிங்கண்ணே’ என்று மேடையிலேயே சொல்வார்களாம். கச்சேரி முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வரும்போது மணிக்கட்டு வீங்கியிருக்கும். ‘இது அவர் கைக்கு ஒத்து வராது’ என்று வேறு ஆள் பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். அப்பலகையை ஒரு கணினியோடு இணைத்து, வரும் எண்களைத் திரையில் காட்டச் செய்தேன். அவருடைய மிகப் பலமான அடி 74. வழக்கமான அடி 40-ஐ ஒட்டி. மெல்லடிகள் பல வரவேயில்லை. அவருக்கு முன் அதனை வாசித்தவர் டிரம் செட் பழகியவர். அவருடைய கைக்கு வைத்த அளவுகள் அப்படியே இருந்தன. உணர்திறனைக் கூட்டி, வாசற்படியை இரண்டு புள்ளி இறக்கி, மெல்லிய கைக்குரிய வளைகோட்டைத் தேர்ந்தெடுத்தோம். பலமான அடி 120-ஐத் தொட்டது. விரலால் வருடியதும் 15, 18 என்று திரையில் விழுந்தது. ‘இப்பதாண்டா என் கை இதுக்குள்ள போகுது’ என்றார் சிற்றப்பா. வேறு ஆள் தேடும் பேச்சு அதன்பின் எழவில்லை.

வாசற்படியை இறக்கினால் வேறொரு தொல்லை தலைகாட்டும். அடி விழுந்த தகடு ஒருமுறை அசைந்து நின்றுவிடுவதில்லை. நாம் ஆய்வுக்கூடத்தில் காணும் தடையுறு அலைவைப் போல வீச்சு குறைந்துகொண்டே சிறிது நேரம் அதிரும். இரண்டாவது மேடும் படிக்கு மேல் இருந்தால், ஓர் அடிக்கு இரண்டு ஒலி கேட்கும். இதற்கு மருந்து ‘மாஸ்க் டைம்’. ஓர் அடிக்குப்பின் சிறிது நேரம் கருவி செவியை மூடிக்கொள்வது. ஆனால் மருந்தும் அளவோடு இருக்க வேண்டும். விநாடிக்கு 16 அடிகள் உருட்டினால் அடிக்கு அடி இடைவெளி 62.5 மில்லி விநாடி. மாஸ்க் டைம் 64 என்று இருந்தால் ஒன்றுவிட்டு ஓர் அடி காணாமற் போகும்! இரட்டை ஒலி நிற்கும் மிகக் குறைந்த அளவில் நிறுத்திவிடுவது நல்லது.

இதற்கு உறவான இன்னொன்று ‘க்ராஸ்டாக்’, அதாவது பக்கத்து வீட்டுப் பேச்சு. ஒரு சதுரத்தை ஓங்கி அடித்தால் அடுத்த சதுரமும் அதிர்ந்து தானும் ஒலிக்கும். பெரிய அடியோடு ஒட்டி வரும் சிறிய அடியைத் தள்ளிவிடுமாறு கருவிக்குச் சொல்லலாம். மிகுதியாகச் சொல்லிவிட்டால், இரு கைகளும் ஒருசேர விழும்போது மெல்லிய கையின் ஒலி போய்விடும். மேடையில் இன்னொரு பகையும் உண்டு. பேஸ் ஒலிபெருக்கிக்கு அருகில் தாங்கியை நிறுத்தினால், பலகை மேடையின் அதிர்வையே அடியாக எடுத்துக்கொள்ளும். அதற்கு அளவுகளைத் திருகுவதைவிடத் தாங்கியின் கால்களுக்குக் கீழே கனத்த ரப்பரோ மடித்த சாக்கோ போடுவது மேல்.

இறுதியாக ஒலி எண். 1991-இல் ‘ஜெனரல் மிடி’ என்றொரு பட்டியல் வகுக்கப்பட்டது. அதன்படி பேஸ் டிரம் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹாட் 42, திறந்தது 46. 35 முதல் 81 வரை 47 தாள ஒலிகள் அதில் உள்ளன. காங்கோ, போங்கோ, பிரேசில் நாட்டுக் குயிக்கா, ஊதல் கூட உண்டு. தபேலாவோ டோலக்கோ மிருதங்கமோ தவிலோ இல்லை. சுரக் கருவிகளின் பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் தந்தவர்கள் நம் தோற்கருவிகளை ஏனோ மறந்துவிட்டார்கள். எனவே இவற்றின் ஒலித் தொகுப்பு ஒன்றைக் கணினியில் ஏற்றினால், எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்பது அதைச் செய்தவரின் விருப்பம். பலகையின் எண்களைச் சதுரம் சதுரமாக நாமே மாற்றி ஒட்ட வேண்டும். அப்போதே வலக்கைச் சொற்கள் வலப்புறமும் இடக்கைச் சொற்கள் இடப்புறமும் அமையுமாறு வைத்துக்கொண்டால், தோலில் பழகிய கை தடுமாறாது.

உணர்திறன், வளைகோடு, ஒலி எண் ஆகியவற்றை வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். வாசற்படியையும் க்ராஸ்டாக்கையும் மட்டும் கச்சேரி மேடையில், ஒலிபெருக்கிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒவ்வொருவர் கைக்கும் தனித்தனியே அளவுகளைப் பதிந்து வைக்கும் வசதி பல பலகைகளில் உண்டு. பதியாமல் விட்டால், மின்சாரம் நின்றதும் அத்தனையும் பழைய நிலைக்குப் போய்விடக்கூடும். திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டர் எப்போது நிற்கும் என்று யார் கண்டது!