விசிலுக்கு அகப்படாத கணக்கு

மதுராந்தகத்துக்குத் தென்கிழக்கே, ஏரிப் பாசன வயல்களுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே அமைந்திருக்கும் செய்யூரில், ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் கறிக்கடைகளின் முன் கூடுகிற கூட்டத்தைக் காண்கிற ஒருவர், இவ்வூரார் கோழியை உறைய வைத்து உண்பவர்கள் என்று கனவிலும் கருதமாட்டார். கண்ணெதிரே கூண்டிலிருந்து எடுத்து, அறுத்து, உரித்து, கேட்ட அளவில் துண்டு போட்டுக் கொடுத்த கறியே கறியென்றும், பிளாஸ்டிக் உறைக்குள் இறுகிக் கிடப்பதெல்லாம் பட்டணத்துப் பெரிய கடைகளின் சரக்கென்றும் எண்ணுவது நம் மக்களின் சுபாவம். ஆனால் கடையின் கணக்கு வேறு, வீட்டின் கணக்கு வேறு. 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொன்றாக வேதாளச் சிலைகளை உடைய கந்தசுவாமி கோயில் விளங்கும் இவ்வூரில், கிருத்திகை ஒரு நாள், அமாவாசை ஒரு நாள், செவ்வாயும் வெள்ளியும் சிலருக்கு, புரட்டாசி முழுவதும் பலருக்கு என்று புலால் விலக்கும் தினங்கள் பஞ்சாங்கத்தில் நெருங்கி நிற்பதால், ஞாயிறன்று வாங்கிய இரண்டு கிலோவில் மிஞ்சியது, அடுத்துக் கறி சமைக்கத் தடையில்லாத நாள் வரும்வரை ஃபிரிட்ஜின் ஃப்ரீசருக்குள் போய்ச் சேருகிறது. சென்னையில் வேலையாயிருக்கும் மகன் எந்தச் சனிக்கிழமை வருவான் என்று நிச்சயமில்லாமல், நாட்டுக்கோழி கிடைத்தபோதே வாங்கி அவனுக்கென்று எடுத்து வைக்கிற தாய்மார்களும் உண்டு.

அந்த மகன் சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஆறு மணிக்கு வந்து நிற்கிறபோதுதான் சங்கடம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொட்டலம் தரையில் விழுந்தால் ஓடு உடையும் என்ற நிலையில் இருக்கிறது. அடுப்பின்மேல் குக்கரும் தயாராக இருக்கிறது. அப்படியே உள்ளே போட்டு மூடிவிட்டால் என்ன? இக்கேள்விக்கு, சில நிபந்தனைகளோடு போடலாம் என்பதே என் விடை. அதே பொட்டலத்தை, வெளிநாட்டிலிருந்து மகள் வாங்கியனுப்பிய மின்சார ஸ்லோ குக்கரில் போட்டு மெல்ல வேகட்டும் என்று விடலாமா என்று கேட்டால், கூடவே கூடாது என்பேன். இரண்டும் மூடிய பாத்திரங்களே, இரண்டிலும் இறுதியில் கறி வெந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஒன்றில் ஆகும் காரியம் மற்றொன்றில் ஆகாமற் போவதற்குக் காரணத்தைப் பனிக்கட்டியிடமே கேட்டறிய வேண்டும்.

மாமிசத்தைக் கெடாமற் காக்கும் வித்தை இக்கடற்கரைக்குப் புதியதன்று. கடப்பாக்கம் முதலிய குப்பங்களில் மீன் உப்பிலூறிக் கருவாடாகி, ஆடி மாதத்துக் கூழுக்குத் துணையாகிறது. உப்பு, சதையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு, கிருமிகள் பெருகுவதற்கு இடங்கொடாமல் செய்கிறது. குளிரோ அவற்றில் பலவற்றைக் கொல்வதில்லை, உறங்க வைப்பதோடு நின்றுவிடுகிறது. நம் பகுதிக்குப் பனிக்கட்டி வியாபாரப் பண்டமாக வந்து சேர்ந்தது 1842-ஆம் ஆண்டை ஒட்டி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டியெடுத்த பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றை வைத்திருந்த கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ், பின்னாளில் 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் வேறொரு மகிமையையும் பெற்றது. கோழியையும் பனியையும் முதன்முதல் சேர்த்துப் பார்த்த பெருமையை ஆங்கிலத் தத்துவஞானி ஃப்ரான்சிஸ் பேக்கனுக்குத் தருவதுண்டு. 1626-ஆம் ஆண்டில் லண்டனுக்கு அருகே ஒரு கோழியின் வயிற்றில் பனியைத் திணித்து அது கெடாதிருக்குமா என்று சோதிக்கப் புகுந்தவர், அக்குளிரே தம்மைப் பற்றிக்கொள்ள, சில நாட்களில் மாண்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் சொல்வர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மருதநிலத்து வீடுகளில் பாணர்க்கு வெண்ணெற் சோற்றோடு கிடைக்கும் மனைவளர் பெட்டைக்கோழிப் பொரியலுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

இனிப் பனிக்கட்டியின் பிடிவாதத்தைப் பார்ப்போம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி உஷ்ணம் போதும். ஆனால் பூஜ்யம் டிகிரியிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை அதே பூஜ்யம் டிகிரி நீராக மாற்றுவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 கலோரி செலவாகிறது. கோழிக்கறியின் எடையில் முக்காற்பங்கு நீராதலால், ஒரு கிலோ உறைந்த கறியை இளக்குவதற்கு மாத்திரம் வேண்டிய உஷ்ணம், நம் வீட்டுக் குடத்தில் 30 டிகிரியில் நிற்கும் ஒரு லிட்டர் நீரை 90 டிகிரிக்கு ஏற்றிவிடப் போதுமானது. இவ்வளவையும் விழுங்கிய பின்னும் கறி வேகத் தொடங்குவதில்லை. உறைவு நீங்கி நிற்கிறது, அவ்வளவே. இன்னொரு விசித்திரமும் உண்டு. பனிக்கட்டி, நீரைக் காட்டிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் உஷ்ணத்தைக் கடத்தவல்லது. ஆகையால் பொட்டலத்தின் புறப்பகுதி இளகியவுடன், இளகிய அந்த ஈரச்சதையே உள்ளிருக்கும் பனிக்கு ஒரு கம்பளியைப் போல அமைந்து, வெளியிலிருந்து வரும் சூட்டை உள்ளே புகவிடாமல் தாமதப்படுத்துகிறது. உறைவதைவிட இளகுவதற்கு அதிக நேரமாவது இதனாலேதான். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், கறியைப் பந்தாக உருட்டி உறையவைக்கும் நம் வழக்கம் எவ்வளவு விவேகமற்றது என்று விளங்கும்.

குக்கரை ஆதியில் ஆக்கியவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். எலும்பையும் குழைய வேகவைக்கும் கலமென்று 1679-இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்த பாத்திரத்தில், மிஞ்சிய நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் அவருடைய யுக்தியே. நம் தேசத்தில் 1959-ஆம் ஆண்டையொட்டி பிரஸ்டீஜ், ஹாக்கின்ஸ் என்ற இரண்டு பெயர்களும் உற்பத்தியில் இறங்கி, மண் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த பெண்களின் காலத்தை மிச்சப்படுத்தின. கடல் மட்டத்தை ஒட்டிய செய்யூரில் திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரியில் கொதிக்கும். வெயிட் போட்ட குக்கரினுள் அது 120 டிகிரி வரைக்கும் ஏறும். நீராவி, தான் தொட்ட குளிர்ந்த பொருளின்மேல் நீராகப் படியும்போது தன்னுள் அடங்கிய உஷ்ணம் முழுவதையும் அங்கே இறக்கிவிடுவதால், பனிக்கட்டியின் பெரும்பசிக்கு ஈடுகொடுக்க அதைவிடத் தக்க சாதனம் அடுக்களையில் இல்லை.

ஆனால் நம் வீடுகளில் குக்கரோடு கூடவே ஒரு மூடநம்பிக்கையும் வந்து சேர்ந்திருக்கிறது. கறிக்கு நான்கு விசில், பருப்புக்கு மூன்று விசில் என்று எண்ணிச் சமைக்கிறோமே, அந்த விசில் உள்ளேயிருக்கும் நீராவியின் நிலையைச் சொல்லுமேயன்றிக் கறியின் நிலையைச் சொல்லாது. பந்தாக உறைந்த கறியைச் சுற்றி ஊற்றிய நீர் கொதித்து ஆவியாகி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விசில் கிரமமாக அடித்துவிடும். அடுப்பை அணைத்துத் திறந்தால், புறத்திலிருந்த துண்டுகள் நார்நாராய்க் குலைந்திருக்க, நடுவிலிருந்த தொடைத்துண்டு பச்சையாகவே கிடக்கும்.

ஆதலால் முதல் நிபந்தனை, துண்டுகள் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பது. ஒட்டிக் கிடந்தால், ஒரு தம்ளர் நீரோடு மூடியைத் திறந்துவைத்தே பெரிய தீயில் கொதிக்கவிட்டு, கரண்டியால் பிரிக்கவருகிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். மசாலாவும் உப்பும் அதன் பிறகே. உறைந்த சதைக்குள் அவை புகா. கறி தானே நீர்விடுமாகையால், குழம்புக்கு வழக்கமாக ஊற்றும் நீரில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதும் நல்லது, இல்லையேல் செங்கல்பட்டுச் சீமையின் சோம்பு மணக்கும் கோழிக்குழம்பு ரசமாய்ப் போய்விடும். பின்னர் மூடி, முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, புதுக்கறிக்கு ஆகும் நேரத்தைப் போல் ஒன்றரைப் பங்கு விட்டு, பிரஷர் தானாக அடங்கிய பின்பே திறக்க வேண்டும். இருப்பதில் தடித்த துண்டின் மையம் 74 டிகிரியைத் தொட்டிருந்தால் ஐயமில்லை. எலும்பை ஒட்டிய சிவப்பைக் கண்டு மிரள வேண்டியதில்லை. இளம் பிராய்லர் கோழியை உறையவைக்கும்போது மஜ்ஜையின் நிறம் எலும்பு வழியாகக் கசிந்து, நன்றாக வெந்த பின்னும் செம்மை மாறாது நிற்பதுண்டு. முழுக்கோழியை உறைந்தவாறே குக்கரில் இறக்குவது மட்டும் எந்த நிபந்தனையோடும் தகாது.

மெல்ல வேகவைப்பதும் நமக்குத் தெரியாத கலையன்று. 1910-இல் கல்கத்தாவின் இந்துமாதவ் மல்லிக் செய்த இக்மிக் குக்கர், அடியில் கரியிட்டு மேலே அடுக்குப் பாத்திரங்களை ஏற்றி, ஆபீசுக்குப் போய்த் திரும்புவதற்குள் சோறும் கறியும் ஆயத்தமாகும்படி அமைந்த சாதனம். நம் பக்கத்தில் ருக்மணி குக்கர் என்று அவ்வினத்து அடுக்கு ஒன்று முற்காலத்தில் வழங்கியது. இன்றைய மின்சார ஸ்லோ குக்கருக்கு மூலம் வேறு. லிதுவேனியாவின் வில்னா நகரத்து யூதக் குடும்பங்கள், ஓய்வு நாளில் தீமூட்டலாகாது என்ற விதியினால், முந்திய மாலையிலேயே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்து மறுநாள் எடுத்துண்ட பண்டத்தைப் பற்றித் தம் தாயார் சொல்லக் கேட்ட இர்விங் நாக்ஸன், அமெரிக்காவில் அதற்கொரு மின்பாத்திரம் சமைத்து 1940-இல் காப்புரிமை பெற்றார். 1971-க்குப் பின் அது கிராக்-பாட் என்ற பெயரால் உலகமெங்கும் பரவியது.

அந்தப் பாத்திரத்தின் குணமே நிதானம்; உறைந்த கோழிக்கு அந்த நிதானமே விஷம். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் கிருமிகள் விழித்துக்கொண்டு, வசதியான உஷ்ணத்தில் இருபது நிமிஷத்துக்கொருமுறை இரட்டிக்கவும் வல்லவை. புதுக்கறி அந்த எல்லையை ஒருவாறு விரைவில் கடந்துவிடுகிறது. பனிக்கட்டியாகிய கறியோ, பாத்திரம் தருகிற சொற்பச் சூட்டையெல்லாம் தானே குடித்துக்கொண்டு, மணிக்கணக்காக அவ்வெதுவெதுப்பிலேயே உழன்றுகொண்டிருக்கும். இறுதியில் கொதிநிலையை எட்டிவிடுகிறதே, கிருமிகள் மாண்டுவிடாவா என்று கேட்கலாம். மாளும், ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற இனம் அதற்கு முன் உமிழ்ந்து வைத்த நஞ்சு, கொதியினாலும் அழியாது. அமெரிக்க விவசாயத் துறை, உறைந்த இறைச்சியை ஸ்லோ குக்கரில் இடாதீர் என்று கண்டிப்பாகச் சொல்வது இதனாலேதான். கனடாவில் பிறந்து 2010-இல் விற்பனைக்கு வந்த இன்ஸ்டன்ட் பாட் போன்ற கலங்களிலோ, பிரஷரில் வேகவைக்கும் பொத்தானும் மெல்ல வேகவைக்கும் பொத்தானும் ஒரே முகப்பில் அருகருகே அமைந்திருக்கின்றன. டொரன்டோவில் வாழும் மகள் ஊருக்கு அனுப்பும்போது, எந்தப் பொத்தானை எதற்கு அழுத்துவது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியனுப்புவது உத்தமம்.

இவ்விரண்டையும்விட அபாயமான முறை ஒன்று நம் எல்லா வீடுகளிலும் நடக்கிறது. அதை யாரும் குற்றமாக நினைப்பதுமில்லை. காலையில் எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, மாலையில் வந்து சமைக்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன். சித்திரை மாதத்துச் செய்யூரில் அடுக்களையின் உஷ்ணம், ஸ்லோ குக்கரின் ஆரம்ப நிலைக்குக் குறைந்ததன்று. குழாயில் வரும் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அரைமணிக்கொருமுறை நீரை மாற்றும்படி மேனாட்டுப் புத்தகங்கள் போதிப்பதும், நம்முடைய மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கோடையில் எவ்வகை நீர் வருகிறதென்பதை அறியாதவர்களின் போதனை. அம்முறையைக் கைக்கொள்ள வேண்டுமானால் நீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டாக வேண்டும். முந்திய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் இறக்கிவைப்பதே சிரமமில்லாத உபாயம். வாங்கிய அன்றே அரைக்கிலோ அரைக்கிலோவாகப் பிரித்து, தோசை கனத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு விரற்கடை கனத்துக்காவது பரப்பி உறையவைத்தவர்களுக்கு அவ்விரவு கூடத் தேவைப்படாது.

கடைசியாக, இக்கரையோரத்துக்கே உரிய ஒரு விஷயம். 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாமல்லபுரத்தருகே மாண்டஸ் புயலும், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயலும் கரையேறின. செய்யூர் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புயல் நாட்களில் மின்சாரம் போய்விட்டால், நிறையப் பண்டமிருக்கும் ஃப்ரீசர், கதவைத் திறக்காதவரை 48 மணி நேரம் வரைக்கும் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். கரண்ட் வந்த பின் பொட்டலத்தை அழுத்திப் பார்த்து, உள்ளே பனித்துகள் இன்னும் நறநறவென்று இருந்தால், அப்போதே பிரித்துக் குக்கரில் ஏற்றிவிடலாம். முற்றும் இளகி, எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்ததென்று எவரும் சொல்ல முடியாத நிலையிலிருந்தால், மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நாய்க்கும் போடாமல், தோட்டத்தில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்துவிட்டு, கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவர ஆளனுப்பலாம்.