செம்பனையடியில் கிடைத்த புள்ளிப் பூனை

வெட்டிய மட்டைகளைச் செம்பனை வரிசைக்கு நடுவே அடுக்கி வைப்போம் அல்லவா? அப்படிப்பட்ட அடுக்கு ஒன்றுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒரு நாள் பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். மஞ்சள் பழுப்பு உடம்பு. அதில் கறுப்புப் புள்ளிகள். சிறுத்தைக் குட்டியேதான்! லயமே கூடிவிட்டது.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, இது பெங்கால் பூனை. டவுனில் நல்ல விலை போகும். 200 வெள்ளி தருகிறேன், கொடுத்துவிடுங்கள்" என்றார். வீட்டுக்கார அம்மாவுக்கும் சபலம்தான். 200 வெள்ளி சும்மாவா?

ஆனால் பெங்கால் பூனை மட்டை அடுக்கில் பிறப்பதில்லை. 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி, ஆசியக் காட்டுப்பூனை ஒன்றை வீட்டுப் பூனையோடு சேர்த்தார். 1980-களில் அதே முயற்சியை மீண்டும் தொடர்ந்து உருவாக்கிய இனம்தான் பெங்கால். வங்காளத்திலிருந்து வந்ததென்று எண்ண வேண்டாம். அந்தக் காட்டுப்பூனையின் விஞ்ஞானப் பெயரில் வங்காளம் இருப்பதால் வந்த பெயர் அது. தாய் தகப்பன் யார் என்ற வம்சப் பத்திரம் இல்லாமல், புள்ளியை மட்டும் பார்த்து எதையும் பெங்கால் என்று சொல்ல முடியாது.

அந்தக் காட்டுப்பூனை நம் ஊர்க்காரன். மலாய்க்காரர்கள் 'கூச்சிங் பத்து' என்பார்கள். வளர்ந்தாலும் வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அடையாளம் காதில் இருக்கிறது. காதின் பின்புறம் கறுப்பாக, நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்தது போலிருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே வெள்ளைக் கோடு ஓடும். நம் வீட்டு வரிப்பூனைக்கு நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்துப் போல் குறி இருக்கும். இதற்கோ நெற்றியிலிருந்து பிடரி வரை கருங்கோடுகள் நீளமாக இறங்கும். பால் வைத்துக் கொஞ்சினாலும் சீறும்.

இதை அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 200 வெள்ளி வாங்கப் போய் வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தவிர, செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலிகளே அதற்கு முக்கிய உணவு. சம்பளம் கேட்காத வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தாய் இரை தேடப் போகும்போது குட்டிகளை மறைவில் விட்டுச் செல்லும். தனியாகக் கிடக்கிறதே என்று தூக்கி வந்துவிடக் கூடாது. அடிபட்டிருந்தால் பெர்ஹிலித்தான் இலாகாவுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மண்டோர் வீட்டு அம்மாதான் அன்று குட்டியின் காதை மடக்கிக் காட்டினார். வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. பொழுது சாயும் முன்பே பிள்ளைகள் அதே மட்டை அடுக்கில் குட்டியை விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்குப் போனவர்கள் பார்த்தபோது குட்டி அங்கே இல்லை. ஈர மண்ணில் பெரிய பூனையின் காலடித் தடம் மட்டும் இருந்தது.