டின் திறக்க ஏற்றது எது? சக்கரத் திறப்பானா, மடக்குக் கத்தியா?

கேமரன் மலையில் டின் உணவு ஆடம்பரப் பொருள் அல்ல. கோலா தெர்லா வட்டாரத்துத் தேயிலைத் தோட்ட வீடுகளானாலும், காய்கறித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளானாலும், அலமாரியில் இரண்டு சாடின் டின்னும் ஒரு பால் டின்னும் இருக்கும். அடைமழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் அவைதான் கைகொடுக்கும். 2013 அக்டோபர் 23-இல் பெர்த்தாம் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளமும், 2014 நவம்பரில் ரிங்லெட் பகுதியில் வந்த மண்வெள்ளமும் இம்மலைவாசிகளுக்கு மறக்கக்கூடியவை அல்ல.

டின்களைச் சேர்த்து வைப்பவர்கள், அவற்றைத் திறக்கும் கருவியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அவசரத்துக்குக் கையில் எடுப்பது காய் நறுக்கும் கத்தி, இல்லையென்றால் பாராங். தகரத்தில் வழுக்கிய கத்தி நேராகப் பாய்வது டின்னைப் பிடித்திருக்கும் இடது கைக்குத்தான். கொழுந்து பறிக்கும் கைக்கும் முட்டைக்கோஸ் அறுக்கும் கைக்கும் ஒரு வாரம் கட்டுப் போட்டால், அந்த வாரக் கூலி என்னாவது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உணவைத் தகர டின்னில் அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றது 1810-இல். டின் திறப்பான் வந்ததோ 1850-களில். இடைப்பட்ட காலத்தில் உளியும் சுத்தியலும்தான் கதி! அந்த டின்களின் இரும்புத் தகட்டுக்குப் பூசப்படும் ஈயத்தைப் பிற்காலத்தில் உலகுக்கு அள்ளிக் கொடுத்தது நம் மலாயா. கேமரன் மலைக்கு மேற்கே, அடிவாரத்தில் கிடக்கும் கிந்தா பள்ளத்தாக்குதான் அதற்குப் பெயர் பெற்ற இடம். 1985-இல் ஈய விலை சரிந்தபின் அந்தத் தொழில் நொடித்துப் போனது தனிக்கதை.

சக்கரத் திறப்பானுக்கு வருவோம். அமெரிக்கரான வில்லியம் லைமன் 1870-இல் வெட்டும் சக்கரத்தைப் புகுத்தினார். 1925-இல் அதனுடன் பல் வைத்த இரண்டாவது சக்கரம் சேர்ந்தது. இன்று கடையில் வாங்குவது ஏறக்குறைய அதே அமைப்புதான். கைப்பிடிகளை இறுக்கும்போது கூரிய சக்கரம் மூடியைத் துளைக்கிறது. பல்சக்கரம் டின் விளிம்பை அடியிலிருந்து கவ்விக்கொள்கிறது. திருகைச் சுற்றினால் டின் தானாகவே நகர்கிறது. வெட்டு விழும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் போக வேண்டியதே இல்லை. இதன் பெரிய சிறப்பு இதுதான். விருந்துச் சமையலில் இருபது டின் திறப்பவருக்கு வேறு எதுவும் சரிப்படாது.

குறைகளும் உண்டு. விளிம்பு நசுங்கிய டின்னில் சக்கரம் வழுக்கும். சதுர டின்னின் மூலையில் திணறும். இடது கைக்காரர்களுக்குப் பெரும்பாலான திறப்பான்கள் சங்கடம். மலைக் குளிரின் ஈரத்தில் துருவும் சீக்கிரம் ஏறும். சாடின் குழம்பு ஒட்டிய சக்கரத்தைக் கழுவாமல் மாட்டி வைப்பவர்கள், அடுத்த டின்னுக்குள் பழைய அழுக்கையும் சேர்த்தே இறக்குகிறார்கள். கழுவி, துடைத்து, ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டால் நெடுநாள் உழைக்கும்.

மடக்குக் கத்தியில் இருக்கும் திறப்பான் வேறு வகை. சுவிட்சர்லாந்து இராணுவத்துக்காகக் கார்ல் எல்சனர் 1890-களில் செய்த கத்தி உலகப் புகழ் பெற்றது. இதில் ஒரு கொக்கி விளிம்பைப் பிடித்துக்கொள்ள, சிறிய அலகு மூடியைக் குத்துகிறது. நெம்புகோல் தத்துவம்தான். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். நசுங்கிய டின், சதுர டின் எதுவானாலும் மசியும். உடைந்து போகப் பல்சக்கரம் இல்லை. ஆனால் வெட்டிய விளிம்பு ரம்பம் போல் பிசிறடிக்கும், கையும் அதன் அருகிலேயே இருக்கும். பல கத்திகளில் இந்த அலகுக்குப் பூட்டும் இல்லை. தவறான பக்கம் அழுத்தினால் மடங்கி விரலைக் கவ்விவிடும்.

ஆகவே வீட்டு அடுப்படிக்குச் சக்கரத் திறப்பான், அவசரப் பைக்கு மடக்குக் கத்தி என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மூடியில் வளையம் இருக்கும் டின்னை நம்பிக் கருவியே வாங்காமல் இருப்பவர்கள், வளையம் கையோடு பிய்ந்து வரும்போதுதான் விழிப்பார்கள்.

பால் டின்னுக்கு மட்டும் முழு வட்டம் வெட்டத் தேவையில்லை. கத்தியின் முனையுள்ள திறப்பானால் எதிரெதிரே இரண்டு துளை போதும். ஒன்றில் பால் வரும், மற்றதில் காற்றுப் போகும். ஒற்றைத் துளை போட்டுவிட்டு டின்னைக் குலுக்குவது வீண் வேலை.

இன்னொன்று. கீழிருந்து மலைக்குக் கொண்டு வரும் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்ளும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அது இயற்கை. உப்பிய டின்னுக்கு அந்தச் சமாதானம் சொல்லக்கூடாது. டின்னுக்குள் பொதுவாகக் காற்றழுத்தம் குறைவாகவே இருக்கும். மூடி புடைத்திருந்தால் உள்ளே கிருமி பெருகியிருக்கலாம். எந்தக் கருவியாலும் அதைத் திறக்காமல் வீசிவிட வேண்டும்.

கையை வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு ஓடும் நீரில் கழுவ வேண்டும். காயம் ஆழமானால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்த் தையலும் தேவையானால் தனுர்வாத ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளில் பிரிஞ்சாங் சாலை நெரிசலில் அந்தப் பயணம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது கோலா தெர்லாவாசிகளுக்குத் தெரியும். வெட்டிய மூடியைக் காலி டின்னுக்குள் போட்டு, வாயை நசுக்கி, பழைய நாளிதழில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். குப்பை அள்ளுபவருக்கும் அதே இரண்டு கைகள்தான்.