எலக்ட்ரானின் தற்சுழற்சியும் கார்பன் நானோகுழாயும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் நம் இலக்கண நூலார் பாகுபடுத்தினர். காரணப்பெயராய்ப் பிறந்து, அக்காரணம் பொருந்தாது என்று தெளிந்த பின்னும் இடுகுறி போல வழங்கும் சொற்களும் உள. இயற்பியலார் ஆளும் 'தற்சுழற்சி' என்னும் சொல் அத்தகையது. ஆங்கிலத்தார் 'ஸ்பின்' என்பதன் தமிழாக்கம் அது. அச்சொல் குறிக்கும் பண்பு யாது? அப்பண்பினை ஒரு நுண்குழாயின் வழியே சிதையாமல் கொண்டு செல்ல அறிஞர் முயல்வது ஏன்? இவற்றை ஈண்டுக் காண்போம்.

பெயர் வந்த வழி

1922ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஸ்டெர்ன், கெர்லாக் என்னும் இருவர் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினர். கற்றை இரண்டாகப் பிரிந்தது. 1925இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து இளம் ஆய்வாளர்களாகிய ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும், எலக்ட்ரான் பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றுகிறது என்றனர். அங்ஙனமாயின் அதன் புறப்பரப்பு ஒளியினும் விரைந்து சுழல வேண்டுமே என்று முதுபேரறிஞர் லாரன்ஸ் தடை எழுப்பினார்.

அத்தடை முறையானதே, எலக்ட்ரான் பம்பரம் அன்று. ஆயினும் அதற்குக் கோண உந்தமும், சிறு காந்தம் போன்ற தன்மையும் இயல்பாகவே உண்டு. ஒரு திசையில் அளந்தால், அது 'மேல்', 'கீழ்' என்னும் இரு நிலைகளுள் ஒன்றாகவே வெளிப்படும். சுழலும் உருண்டை என்னும் காரணம் நீங்கிற்று. பெயர் மட்டும் நின்றது.

குழாயும் புள்ளியும்

நாம் பயன்படுத்தும் மின்னணுக் கருவிகளுள் பெரும்பாலானவை எலக்ட்ரானின் மின்னூட்டத்தையே பயன்கொள்கின்றன. தற்சுழற்சியையும் பயன்கொள்ளலாம் என்பதற்கு 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்ட பெருங்காந்தத்தடை விளைவு சான்றாயிற்று. கணினி வட்டுகளில் பதிந்ததைப் படிக்க அது பயன்பட்டது. அவ்விருவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால், உலோகத்துள் ஓடும் எலக்ட்ரான் பலமுறை மோதுண்டு தன் நிலையை விரைவில் இழக்கும். அதனை இழக்காது செல்ல ஏற்ற வழி எது? 1991இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா விளக்கிக் காட்டிய கார்பன் நானோகுழாய் பலர் கருத்தையும் ஈர்த்தது. கார்பன் அணுக்களால் ஆன ஒற்றைப்படலத்தைச் சுருட்டினாற் போன்றது இது. ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நானோமீட்டர்; அதாவது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கார்பன் எடை குறைந்த தனிமம். அதன் அணுக்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டின் கருவுக்குத் தற்சுழற்சி இல்லை. ஆதலின் எலக்ட்ரானின் நிலையைக் குலைக்கும் காரணங்கள் இதில் குறைவு என்று எண்ணினர்.

இக்குழாயின் சிறு துண்டை இரு உலோக முனைகளுக்கு இடையே வைத்துத் தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கக் குளிர்வித்தால், அது 'குவாண்டம் புள்ளி' ஆகிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலால், உள்ளிருக்கும் எலக்ட்ரான் அடுத்ததன் வரவைத் தடுக்கும். ஒன்று வெளியேறிய பின்னரே மற்றொன்று புகும். அருகிலுள்ள வாயில்முனையின் மின்னழுத்தத்தை மாற்றி இவ்வரவை நாம் ஆளலாம்.

ஆய்வுகள் உணர்த்தியவை

1999இல் சுகாகோஷி, ஆல்ஃபெனார், அகோ ஆகியோர் பல்சுவர் நானோகுழாயின் இரு முனைகளிலும் கோபால்ட் என்னும் காந்த உலோகத்தைப் பொருத்தினர். இரு முனைகளின் காந்தத்திசையும் ஒத்திருந்தபோது மின்தடை குறைந்தது. எதிரெதிராக இருந்தபோது மிகுந்தது. மிகுதியாக 9 விழுக்காடு வேறுபாடு காணப்பட்டது. எலக்ட்ரான் தன் நிலை மாறாமல் குறைந்தது 130 நானோமீட்டர் சென்றது என இதனால் கணித்தனர்.

2005இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாயில் மின்னழுத்தத்தை மாற்றுவதாலேயே இவ்விளைவின் குறியைத் தலைகீழாக்கலாம் எனக் காட்டினர். காந்தத்தைத் தொடாமல், மின்புலத்தால் தற்சுழற்சி ஓட்டத்தை ஆள இயலும் என்பது இதனால் உறுதியாயிற்று.

2008இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வு முந்தைய எண்ணம் ஒன்றைத் திருத்தியது. குழாயில் எலக்ட்ரான் வலமாகவோ இடமாகவோ வளைய வரலாம், தற்சுழற்சியும் இருவகை. இவ்வாறு அமையும் நான்கு நிலைகளும் ஒரே ஆற்றல் உடையவை எனக் கருதப்பட்டன. ஒற்றை எலக்ட்ரானைக் கொண்டு அளந்தபோது, அவை இரண்டிரண்டாகப் பிரிந்து நின்றன. குழாயின் வளைவே பாதையையும் தற்சுழற்சியையும் பிணைத்துவிடுகிறது. தட்டையான படலத்தில் மிகச் சிறிதாயிருந்த ஒன்று, சுருட்டியதும் கணக்கில் கொள்ளத்தக்கதாயிற்று. இது நிலையைக் குலைக்கும் வழியாகலாம். மின்புலத்தால் ஆள்வதற்குக் கைப்பிடியும் ஆகலாம். குவாண்டம் கணினிக்கு இக்குழாய்களைப் பயன்படுத்த முயல்வோர் இவ்விரண்டையும் எண்ணியே செயற்படுகின்றனர்.

தமிழ் மாணவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கலைச்சொல்லை ஆக்குவதோடு பணி நிறைவுறுவதில்லை. 'தற்சுழற்சி' என்றதும் மாணவன் மனத்தில் பம்பரம் தோன்றுமாயின், சொல் உதவியும் பொருள் தவறிற்று. ஆங்கிலச் சொல்லுக்கும் இக்குறை உண்டு. ஆதலின் இது தமிழின் குறை அன்று. சொல்லை அளிக்கும்போதே அதன் எல்லையையும் விளக்குவோமாயின், எத்துணை நுண்ணிய அறிவியலும் தமிழில் தெளிவுறும். அப்பணியில் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒருங்கே அமர வேண்டும்.