பனியன் தெரியும்... திருப்பூரின் முதல் எம்.பி.யைத் தெரியுமா?

திருப்பூர் என்றதும் பனியனும் டி-ஷர்ட்டும்தானே நினைவுக்கு வருகின்றன? இந்த ஊரில் 1903இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் கதையையும் கேளுங்கள். அசந்துபோவீர்கள்!

● ஒரே ஆள், நான்கு அவைகள்!
வெள்ளைக்காரன் காலத்தில் டெல்லி மத்திய சட்டசபை. 1946இல் சென்னை மாகாணச் சட்டசபை. 1952இல் மக்களவை. 1958இல் மாநிலங்களவை. நான்கிலும் உட்கார்ந்தவர் இவர்! நடுவே சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறைவாசம் வேறு!

● 5 ரூபாய் 12 அணாவில் ஒரு பள்ளி!
1930, சிங்காநல்லூர். ஒரு வாடகை வீடு. கையிருப்பு 5 ரூபாய் 12 அணா. மாணவர் எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒரு ஹரிஜனச் சிறுவன்! அப்படித் தொடங்கியதுதான் ராமகிருஷ்ண வித்யாலயம். 1934இல் பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் யார்? சாட்சாத் காந்தியடிகள்!

● சொத்து வரி ரசீதிலும் இவர் இருக்கிறார்!
பனியன் கம்பெனி கட்டடமோ, சொந்த வீடோ, சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்ந்து வருகிறதே, கவனித்தீர்களா? அதற்கு வழி செய்தது 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான்! அப்போது கல்வி அமைச்சர்? நம்ம திருப்பூர்க்காரர்! உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழி ஆக்கியவரும் இவரே!

● தமிழின் முதல் நவீனக் கலைக்களஞ்சியம்!
இவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்டது எத்தனை தொகுதிகள்? பத்து! முதல் தொகுதி 1954இல்; பத்தாவது 1968இல்! அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், இவருடைய வித்யாலயத்திலேயே ஆசிரியராக இருந்தவர்!

● இவர் போனார், தொகுதியே போனது!
முதல் பொதுத் தேர்தலில் திருப்பூரின் எம்.பி. ஆனார். 1957இல் அடுத்த தேர்தல் வந்தபோது திருப்பூர் தொகுதியே இல்லை! அதே 1957இல் கோவையில் பெண்களுக்காக மனையியல் கல்லூரி தொடங்கிவிட்டார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்! 1970இல் இவருக்குப் பத்மபூஷண்!

● 52 ஆண்டு காத்திருப்பு!
தொகுதி மறுபடி எப்போது வந்தது தெரியுமா? 2009இல்! அதற்குள் ஊர் எங்கேயோ போய்விட்டது. உள்ளூருக்குப் பனியன் தைத்த ஊர், உலகத்துக்கே டி-ஷர்ட் அனுப்பும் ஊராகி, மாநகராட்சியாகி, மாவட்டத் தலைநகரமும் ஆகிவிட்டது!

● அடுத்தவரும் அதே வழி!
2009இல் வென்றவர் அ.தி.மு.க.வின் சி.சிவசாமி. 2001இல் திருப்பூர் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 2009இல் வெற்றி வித்தியாசம் 85 ஆயிரம் வாக்குகளுக்கும் மேல்! இவரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். இவரும் மக்களவையில் ஒரே ஒரு முறைதான்!

● ஒரு மாவட்டம், ஐந்து எம்.பி.க்கள்!
திருப்பூர் மக்களவைத் தொகுதியில் உள்ள ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு ஈரோடு மாவட்டத்தில் இருக்கின்றன! அப்படியானால் திருப்பூர் மாவட்டத்தில் உள்ள பல்லடம்? கோவைத் தொகுதி! காங்கயமும் தாராபுரமும்? ஈரோடு! உடுமலையும் மடத்துக்குளமும்? பொள்ளாச்சி! ஊட்டி மலைக்கு ஓட்டுப் போடும் அவினாசி? நீலகிரி! நீங்கள் திருப்பூர் மாவட்டமா? சட்டென்று சொல்லுங்கள், உங்கள் எம்.பி. எந்தத் தொகுதிக்காரர்?