ஞாபகத்தைத் திருடிய சிப்பி

நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன சமையல்? யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். ஆனால் 1987-ம் ஆண்டுக் கடைசியில், கனடா தேசத்தில் சிலருக்கு இந்தச் சின்னக் கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல முடியாமல் போயிற்று. அவர்கள் செய்த பிழை, சிப்பி இறைச்சி சாப்பிட்டதுதான்!

பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த கருநீலச் சிப்பிகள் அவை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு; பிறகு தலைவலி, மனக் குழப்பம்; சிலருக்கு வலிப்பு. மூன்று பேர் இறந்தனர். பிழைத்தவர்களில் சிலருக்குப் பேச்சும் அறிவும் பழையபடியே இருந்தன. புதிதாக நடப்பது மட்டும் மனத்தில் தங்கவில்லை.

குற்றவாளி யார்? ஹாலிபாக்ஸ் நகர விஞ்ஞானிகள் சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கடலில் மிதக்கும் நுண்ணிய பாசி ஒன்று டோமாயிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கியிருந்தது. அந்தப் பாசியை உண்ட சிப்பிகள் நஞ்சைச் சேர்த்து வைத்திருந்தன. கொதிக்க வைத்தாலும் அழியாத நஞ்சு!

அது மூளையில் என்ன செய்தது? ஒரு நரம்பணு தன் அண்டை அணுவை எழுப்பக் குளூட்டமேட் என்னும் பொருளைத் தூது அனுப்புகிறது. அண்டை அணுவின் மேல் அதற்கென்றே சிறு கதவுகள் உண்டு. ஏற்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். தூது வந்து தட்டியதும் கதவு திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே நுழையும், அணு துடித்தெழும். உடனே குளூட்டமேட் அப்புறப்படுத்தப்படும், கதவும் மூடிக்கொள்ளும்.

டோமாயிக் அமிலத்துக்குக் குளூட்டமேட்டின் ஜாடை. கதவு ஏமாந்து திறக்கிறது. வந்த விருந்தாளியோ போவதாக இல்லை! கால்சியம் வெள்ளமாகப் புக, அணு ஓயாமல் துடித்துத் துடித்தே மடிகிறது. மூளையில் கடற்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. புதிய ஞாபகங்களைச் சேர்ப்பது அதன் வேலை. இத்தகைய கதவுகள் அங்கே மிகுதி. அதனால்தான் அந்தப் பகுதிக்குப் பெருஞ்சேதம்.

“தக்காளியில்கூடக் குளூட்டமேட் இருக்கிறதாமே!” என்று பதறாதீர்கள். உணவில் வருவதில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்து விடுகிறது. மூளைக்குள் அது எளிதில் நுழைவதில்லை.

கனடாவில் இப்போது சிப்பிகளைச் சோதித்துத்தான் விற்கிறார்கள். ஒரு கிலோ இறைச்சியில் 20 மில்லிகிராமுக்கு மேல் அந்த நஞ்சு இருந்தால் விற்பனைக்கு வராது.

நேற்றைய சமையல் உங்களுக்கு நினைவிருக்கிறதல்லவா? எண்ணற்ற சிறு கதவுகள் வேளையோடு திறந்து, வேளையோடு மூடிக்கொண்டதன் பலன் அது.